ரூபாய்க்கு மூணு படியும் அமெரிக்கக் கோதுமையும்

காஞ்சிபுரம்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு நாலு விஷயம் ஞாபகம் வரும்: கோயில், பட்டு, இட்லி, அண்ணா. முதல் மூணைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. நான் எடுத்துக்கிட்டது நாலாவது. அதுலயும் அரசியலை விட அரிசிதான் அதிகம் வரும்.

1967 தேர்தல்ல தி.மு.க. ஊர் ஊரா சொன்ன வாக்குறுதி "ரூபாய்க்கு மூன்று படி அரிசி". அதுக்குப் பின்னாடி ஒரு அமெரிக்கச் சட்டம் இருக்கு, நூத்துக்கணக்கான கோதுமைக் கப்பல் இருக்கு, பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் ஒருத்தரும் இருக்கார்.

இப்போ எதுக்கு இந்தப் பழங்கதைன்னு கேட்கலாம். 2025 ஜனவரியில அமெரிக்கா தன்னோட வெளிநாட்டு உதவியை நிறுத்தி வெச்சது. ஜூலை 1-ம் தேதி யு.எஸ்.எய்ட் அமைப்பையே மூடிட்டு, மிச்சத்தை வெளியுறவுத் துறைக்குள்ள கொண்டு போயிட்டாங்க. ஆப்பிரிக்காவுல பல நாடுகள்ல மருத்துவமனைகள் திண்டாடின செய்தியெல்லாம் படிச்சிருப்பீங்க. அதைப் படிக்கும்போது எனக்குத் தோணின கேள்வி இதுதான்: உதவி வாங்கிக்கிட்டு இருந்த ஒரு நாடு அதுலேர்ந்து எப்படி வெளிய வரும்? நாமளும் ஒரு காலத்துல வாங்கினவங்கதானே. நாம எப்படி வந்தோம்?

கப்பல்லேர்ந்து நேரா வாய்க்கு

1954 ஜூலையில அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். பொதுச்சட்டம் 480, சுருக்கமா பி.எல். 480. அமெரிக்காவுல கோதுமை மிதமிஞ்சி விளைஞ்சு கிடங்குல கிடந்தது. அதை ஏழை நாடுகளுக்கு அந்தந்த நாட்டுப் பணத்துக்கே விக்கலாம்னு ஏற்பாடு. டாலர் தேவையில்ல. டாலர் பஞ்சத்துல இருந்த இந்தியாவுக்கு இது பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி.

1956-ல முதல் ஒப்பந்தம். 1960 மே மாசம் உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீல் வாஷிங்டன் போய்ப் போட்டது பெரிய ஒப்பந்தம்: நாலு வருஷத்துல 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி. நாம கொடுத்த ரூபாய் இந்தியாவுலயே அமெரிக்கக் கணக்குல சேர்ந்துக்கிட்டே போச்சு.

சௌகரியம்தான். ஆனா சௌகரியத்துக்கும் விலை உண்டு. வெளியிலேர்ந்து மலிவா தானியம் வந்துகிட்டு இருந்தா உள்ளூர் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கணும்ங்கிற அவசரம் அரசுக்கு வராது. தொழிற்சாலை கட்டுவோம், சோத்துக்குக் கப்பல் வரும்னு ஓட்டிக்கிட்டு இருந்தோம்.

1965-ல மழை பொய்ச்சது. 1966-லயும் பொய்ச்சது. 1964-65ல 8 கோடியே 90 லட்சம் டன்னா இருந்த உணவு தானிய விளைச்சல், அடுத்த வருஷம் சுமார் 7 கோடியே 20 லட்சம் டன்னா விழுந்தது. 1966-ல மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதி. கப்பல்லேர்ந்து இறங்குறது நேரா ஜனங்க வாய்க்குத்தான் போகுதுன்னு சொல்ற நிலைமை.

காஞ்சிபுரம் மாதிரி நெசவு ஊருக்கு இது இரட்டை அடி. நெல் விளைவிக்கிறவன் வீட்டுல ஒரு மூட்டையாவது இருக்கும். தறிக்காரன் எல்லாத்தையும் காசு கொடுத்துத்தான் வாங்கணும். அரிசி விலை ஏறினா ஊர்ல யாரும் பட்டுப் புடவை எடுக்க மாட்டாங்க. செலவு ஏறுற அதே நேரத்துல கூலி குறையும். எங்க தாத்தா தறி நெய்தவர். அந்தக் காலத்தைப் பத்தி அவர் அதிகம் பேச மாட்டார். "அப்போ கோதுமையைக் குடுத்தாங்க, அதை என்ன பண்றதுன்னே தெரியல" அப்படின்னு மட்டும் சொல்வார்.

கயிறு யார் கையில?

அப்போ அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன். 1965-ல பழைய ஒப்பந்தம் முடிஞ்சதும் அவர் நீண்டகால ஒப்பந்தம் போட மாட்டேன்னுட்டார். கொஞ்சம் கொஞ்சமா, சில சமயம் மாசக் கணக்குல, அவரே பார்த்துக் கப்பலை அனுப்பினார். மாட்டுக்குக் கயிறைக் குட்டையாக் கட்டுற மாதிரி. இந்தியா விவசாயத்துல பணம் போடணும், உரத்துக்கு வழி பண்ணணும்ங்கிறது ஒரு நிபந்தனை. வியட்நாம் போரை இந்தியா விமர்சிச்சது அவருக்குப் பிடிக்கலங்கிறது இன்னொரு விஷயம்.

சாஸ்திரி பிரதமரா இருந்தப்போ வாரத்துல ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொல்லி நாட்டு மக்களைக் கேட்டுக்கிட்டார். 1966 ஜூன் 6-ம் தேதி ரூபாய் மதிப்பைக் குறைச்சாங்க. 4 ரூபாய் 76 காசா இருந்த டாலர் ஒரே நாள்ல 7 ரூபாய் 50 காசு. அதுவும் உதவி கொடுக்கிறவங்க நெருக்கடியிலதான்.

இந்த இடத்துல வர்றார் சி. சுப்பிரமணியம். 1964-ல மத்திய உணவு அமைச்சர். யாரும் விரும்பாத துறை அது. 1965 நவம்பர்ல ரோம் நகரத்துல அமெரிக்க விவசாயச் செயலர் ஆர்வில் ஃப்ரீமேனோட உட்கார்ந்து அவர் ஒரு உடன்பாடு பேசினார். அமெரிக்கா என்னென்ன கேட்டதோ, அதுல பெரும்பகுதி சி.எஸ். ஏற்கெனவே செய்ய நினைச்சுக்கிட்டு இருந்தது. விவசாயிக்குக் கட்டுப்படியாகுற விலை, புது விதை, உரம். டெல்லியில அவருக்கு எதிர்ப்பு இருந்தது. உரம் வாங்க அந்நியச் செலாவணி எங்கேன்னு கேட்டவர் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அவரும் நம்ம தமிழ்நாட்டுக்காரர்தான் :-)

சி.எஸ். மெக்சிகோவுலேர்ந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையைக் கப்பல்ல கொண்டு வந்தார். டெல்லியில தன்னோட பங்களா புல்வெளியை உழுது அதுலயே அந்தக் கோதுமையைப் போட்டுக் காட்டினார். விஞ்ஞானப் பக்கம் எம்.எஸ். சுவாமிநாதன்.

நான் முக்கியமா நினைக்கிறது விதையை விட மத்த விஷயங்களை. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14, பொங்கல் அன்னைக்குத் தஞ்சாவூர்ல முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது. அப்போ அதோட தலைமையகம் சென்னை. விவசாய விளைபொருள் விலையை முடிவு பண்ற ஆணையமும் அதே மாசம் வந்தது. கப்பல் நிக்கிறதுக்கு முன்னாடியே கொள்முதல் பண்ற ஆளும், விலை சொல்ற ஆளும், மூட்டை அடுக்கக் கிடங்கும் தயாராக ஆரம்பிச்சாச்சு.

1968 அறுவடையில கோதுமை 1 கோடியே 65 லட்சம் டன். அதுக்கு முந்தின அதிகபட்சமே சுமார் 1 கோடியே 23 லட்சம்தான். பஞ்சாப்ல மூட்டை வைக்க இடமில்லாம பள்ளிக்கூடத்தை மூடி அடுக்கினாங்களாம். 1971 முடிவுல பி.எல். 480 சலுகை இறக்குமதி நின்னது. அமெரிக்கக் கணக்குல தேங்கிக் கிடந்த ரூபாய்ல ஒரு பெரிய பங்கு, 1,664 கோடி ரூபாய், 1974 பிப்ரவரியில தூதர் மொய்னிஹான் கையால ஒரே காசோலையா இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. அந்தக் காலத்துக்கு உலகத்துலயே பெரிய காசோலைன்னு கின்னஸ் புத்தகத்துல ஏறிச்சு.

பில் யார் கட்டினாங்க?

இதை வெற்றிக் கதையா மட்டும் சொல்லி முடிச்சா பாதிக் கதைதான்.

1967 பிப்ரவரி தேர்தல்ல, கோதுமை இன்னும் விளைஞ்சு வராத நேரம். இந்தி எதிர்ப்பும் அரிசிப் பஞ்சமும் சேர்ந்து காங்கிரஸைச் சாய்ச்சது. காமராஜர் விருதுநகர்ல தோத்தார். அமெரிக்கக் கோதுமையை விட்டு வெளிய வர வழி பண்ணின சி.எஸ்.ஸும் தோத்தார். அண்ணா முதலமைச்சர் ஆனார். மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்னு சொன்னவர், ரூபாய்க்கு ஒரு படி அரிசியைச் சென்னையிலயும் கோவையிலயும் ஆரம்பிச்சார். அதுக்கு மேல நீட்ட மாநில அரசு கஜானா தாங்கல. அவர் பொறந்த காஞ்சிபுரத்துக்கே அது வரல.

தஞ்சாவூரைப் பாருங்க. ஃபோர்டு அறக்கட்டளை உதவியோட 1960-ல ஆரம்பிச்ச தீவிர வேளாண்மைத் திட்டத்துல அது முதல் கட்ட மாவட்டம். ஆடுதுறை 27 நெல் வந்து குறுவை விளைச்சல் ஏறிச்சு. விளைச்சல் ஏறினா கூலியும் ஏறணும்னு கேட்டது தப்பா? அதே மாவட்டத்துல 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில 44 தலித் மக்களைக் குடிசையில வெச்சு எரிச்சாங்க. கூலித் தகராறுதான் பின்னணி. நாடு தன் கால்ல நின்ன வருஷம்னு 1968-ஐச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

மதியச் சாப்பாடு: கேர் போச்சு, சோறு நிக்கல

நம்ம ஊருக்கு நெருக்கமான உதாரணம் பள்ளிக்கூட மதிய உணவு. 1956-ல எட்டயபுரத்துல காமராஜர் ஆரம்பிச்சார். அப்போ நிதி, கல்வி ரெண்டுக்கும் அமைச்சர் யாரு? அதே சி. சுப்பிரமணியம். முதல்ல ஊர்மக்கள் கொடுத்த அரிசி, காய்கறி, பிடியரிசிதான். அப்புறம் அரசு ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு.

1961-ல கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் உள்ளே வந்தது. பால் பவுடர், எண்ணெய், கோதுமை ரவை, சோள மாவு. இதுவும் பி.எல். 480 சரக்குதான், ஆனா இலவசப் பிரிவு. உங்க வீட்டுல அறுபது தாண்டினவங்க இருந்தா கேளுங்க, கைகுலுக்குற படம் போட்ட எண்ணெய் டின் ஞாபகம் இருக்கும். டின் காலியானதும் பல வீட்டுல அதுதான் அரிசி டப்பா.

1982 ஜூலை 1-ம் தேதி திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பிச்சார். முதல்ல கிராமம், செப்டம்பர்லேர்ந்து நகரம், 1984-ல பெரிய வகுப்புகள். ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர்னு மூணு பேர், பெரும்பாலும் ஆதரவில்லாத பெண்களுக்கு அந்த வேலை. இது வளர்ச்சிச் செலவா, ஓட்டு வாங்குற செலவான்னு டெல்லியில முகம் சுளிச்சாங்க. ஆனா மாநில அரசு தன் பட்ஜெட்ல எழுதிடுச்சு. கேரோட பங்கு குறைஞ்சு மறைஞ்சப்போ தமிழ்நாட்டுல ஒரு பள்ளிக்கூடத்துல கூட அடுப்பு அணையல.

ஏன்? தானியத்துக்கு 1972-லயே தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் இருந்தது. சமைக்கிற அம்மாவுக்குச் சம்பளம் சென்னையிலேர்ந்து வந்தது. 2001 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலமும் சமைச்ச சாப்பாடு போடணும்னு உத்தரவு போட்டப்போ, நாம அதை எப்பவோ செஞ்சுக்கிட்டு இருந்தோம். ஆட்சி மாறினாலும் யாரும் நிறுத்தல. 2022-ல காலை உணவும் சேர்ந்தது.

கே.டி. கொடுக்காம கிளம்புறது

எங்க சாஃப்ட்வேர் துறையில ஒரு டீம் கிளம்பும்போது அடுத்த டீமுக்கு கே.டி. கொடுக்கணும். வேலையை எப்படிப் பண்றதுன்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போறது. அது இல்லாம போனா ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழும்போது யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

எய்ட்ஸ் தடுப்புக்காக கேட்ஸ் அறக்கட்டளை 2003-ல அவஹான் திட்டத்தைத் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலத்துல ஆரம்பிச்சது. அதை அரசுகிட்ட ஒரே நாள்ல ஒப்படைக்கல. 2009, 2011, 2012னு மூணு தவணை. ஒப்படைக்கிறதுக்கு முன்னாடியே செலவைக் குறைச்சு அரசு அளவுக்குக் கொண்டு வந்தாங்க, பதிவேடுகளை அரசு முறைக்கு மாத்தினாங்க. இதுதான் ஒழுங்கான கே.டி.

2025-ல தென்னாப்பிரிக்காவுல நடந்தது வேற. எய்ட்ஸ் மருந்தைப் பெரும்பாலும் அந்த நாடு சொந்தக் காசுலதான் வாங்குது. ஆனா பரிசோதனை பண்றவங்க, நோயாளியை வீடு தேடிப் போய்ப் பாக்கிறவங்கன்னு ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்குச் சம்பளம் அமெரிக்கப் பணம். அது சட்டுனு நின்னதும் மருந்து இருந்தும் ஆள் இல்ல. மருந்தும் வெளியிலேர்ந்து வர்ற நாடுகளோட கதியைச் சொல்லவே வேணாம்.

நம்ம ஊர்ப் பட்டுலயும் இதே பாடம் இருக்கு. தறியில பாவு ஒரே சீரா, அறுந்து போகாம இருக்க நூல் நல்லா இருக்கணும். நம்ம நாட்டு வெப்பத்துக்கு இருசந்ததி வெண்பட்டுக்கூடு வளராதுன்னு ரொம்ப காலம் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. 1991-லேர்ந்து 2007 வரைக்கும் ஜப்பானோட ஜைக்கா உதவியில மைசூர் ஆராய்ச்சி நிலையம் நம்ம வெயிலுக்குத் தாங்குற இருசந்ததிப் புழு ரகங்களை உருவாக்கிச்சு. ஜப்பான்காரங்க கிளம்பிட்டாங்க. ஆனா அந்த விஞ்ஞானிகளுக்குச் சம்பளம் மத்தியப் பட்டு வாரியத்துது, வேலை தொடர்ந்தது. இன்னைக்கு அந்த வெண்பட்டு உற்பத்தியில முன்னணி மாநிலங்கள்ல தமிழ்நாடும் ஒண்ணு.

உதவியை விட்டு, கடன்ல விழுந்தா?

பக்கத்துல இலங்கை. ஓரளவு வருமானம் உயர்ந்ததும் குறைந்த வட்டிச் சலுகைக் கடன் குறைய ஆரம்பிச்சது. 2007-ல முதல் தடவையா 50 கோடி டாலருக்கு சர்வதேசச் சந்தையில கடன் பத்திரம் வித்தாங்க. அப்புறம் அதுவே பழக்கமாச்சு. 2017-ல உலக வங்கியோட சலுகைக் கடன் பட்டியல்லேர்ந்து தேறி வெளிய வந்த நாடு, 2022 ஏப்ரல்ல கடனைக் கட்ட முடியலன்னு கையை விரிச்சது. அந்த வருஷம் டிசம்பர்ல உலக வங்கி அதைத் திரும்ப சலுகைப் பட்டியல்ல சேர்த்தது. உதவி போன இடத்தை வரி வருமானம் நிரப்பல, வட்டிக்கு வாங்கின டாலர் நிரப்பிச்சு. போரும், 2019-ல வரியைக் குறைச்சதும், கொரோனாவும் சேர்ந்துக்கிச்சு.

2022 மே மாசம் சென்னைத் துறைமுகத்துலேர்ந்து இலங்கைக்குக் கப்பல் கிளம்பிச்சு. தமிழ்நாடு அரசு மொத்தமா அனுப்ப முடிவு பண்ணினது 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள். பால் பவுடர்! ஒரு காலத்துல கேர் நமக்கு அனுப்பின அதே சாமான். பெருமையா இருந்தது, கூடவே ஒரு பயமும் இருந்தது. ரெண்டு பக்கமும் மாறி நிக்க அறுபது வருஷம் போதுமா இருக்கு.

வேண்டாம்னு சொல்றது சுலபம்

2003-ல இந்தியா ஒரு சில பெரிய நாடுகளைத் தவிர மத்தவங்ககிட்டேர்ந்து நேரடி உதவி வேண்டாம்னு அறிவிச்சது. 2004 சுனாமியப்போ மத்த நாட்டு அரசுகளோட நிவாரணத்தை மறுத்துட்டு, நம்ம கப்பற்படை இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போச்சு. ஆனா மறுசீரமைப்புக்கு உலக வங்கிகிட்ட கடன் வாங்கினோம், நாகப்பட்டினம் கரையில வீடு கட்ட அந்தப் பணமும் உதவிச்சு. 2012-ல பிரிட்டன் நிதியுதவியை 2015-க்குள்ள நிறுத்துறதா சொன்னது. 2014-ல உலக வங்கியோட சலுகைக் கடன் வரம்பைத் தாண்டினோம், அதுக்கப்புறமும் 2017 வரைக்கும் இடைக்கால உதவி கொடுத்தாங்க.

பாருங்க, பேச்சுல ஒரே நாள், நடப்புல பதினஞ்சு வருஷம்.

இதையெல்லாம் வெச்சுப் பார்த்தா எனக்குப் பட்டது இதுதான். உதவியை விடுறதுங்கிறது கொடுக்கிறவர் போற நாள்ல நடக்கிற காரியமே இல்ல. அவர் இருக்கும்போதே சம்பளப் பட்டியல் யார் கையில இருக்கு, கிடங்குச் சாவி யார்கிட்ட இருக்கு, பட்ஜெட்ல அந்த வரி எழுதியிருக்காங்குற மூணுலதான் எல்லாம் முடிவாகுது. வந்த சரக்கு கோதுமையா பால் பவுடரா பட்டுப்புழுவாங்கிறது ரெண்டாம்பட்சம்.

கயிறைக் குட்டையாக் கட்டினதாலதான் நாம நிமிர்ந்தோம்னு ஜான்சனுக்கு நன்றி சொல்றவங்களும் இருக்காங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. உணவுக் கழகமும் விலை ஆணையமும் கயிறு இறுகுறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. அது இல்லாம கயிறை மட்டும் இழுத்திருந்தா மாடு செத்திருக்கும். 2025-ல பல நாடுகள்ல இழுத்தது அப்படித்தான்.

அண்ணாவோட ரூபாய்க்கு மூணு படி என்னாச்சுன்னு சொல்லாம விட்டுட்டேனே. 2008 செப்டம்பர் 15, அவர் பிறந்த நாள் அன்னைக்கு தமிழ்நாட்டு ரேஷன் கடையில அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆச்சு. 2011-லேர்ந்து விலையே இல்ல. கஜானா தாங்குற அளவுக்கு வர நாற்பது வருஷம் ஆகியிருக்கு. இந்த முறை காஞ்சிபுரத்துக்கும் வந்தது.